அக்காவின் பங்கு

காலையில் அவன் பல் துலக்கி முடிப்பதற்குள் மாமாவின் போன் வந்துவிடும். "தண்ணி குடிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. "இப்பதான் எழுந்தேன் மாமா" என்றால், "எழுந்தா குடிக்கணும்ல" என்பார். அடுத்தது மாத்திரை. அதற்கும் அடுத்தது, ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா என்பது. எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "சரி, வை" என்று தானே துண்டித்துவிடுவார். அக்கா இறந்த மறுவாரம் தொடங்கிய பழக்கம். ஒரு நாள்கூட நின்றதில்லை.

அவனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. பொழுதெல்லாம் மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில், இரும்புக் கயிறுகளோடும் கிரீஸோடும் கழியும். உள்ளே இறங்கிவிட்டால் போன் எடுக்காது. அது தெரிந்துதான் மாமா விடிந்ததுமே பிடித்துவிடுவார். "உங்க மாமா நம்ம வீட்டுல அட்டெண்டன்ஸ் எடுக்குறாரு பாருங்க" என்று மனைவி சிரிப்பாள். ஆனால் அடிக்கிற போனைத் தேடி எடுத்து ஈரக்கையில் திணிப்பவளும் அவள்தான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்டியரிங்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் தனக்கென்று இருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டிலும் அதே கதைதான். எது பேசினாலும் "பொறு", "மெதுவா", "யோசிச்சுப் பண்ணலாம்". அக்கா அவருக்கு வைத்திருந்த பெயர் பிரேக்கு. "பிரேக்கு வந்தாச்சா?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிடுவாள். அவளுக்கு டிக்கெட் கவுண்டரில் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் கத்திக் கத்தித் தொண்டையே அப்படி ஆகிவிட்டது. ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து அறையில் கேட்கும்.

ஏழு வருடத்துக்கு முன்பு அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. காரணம் இன்னதென்று அப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்துக் கிடந்தான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாத சமயம். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு சும்மாதான இருக்கு. எடுத்துக்கோ."

வீட்டில் கூடுதலாகக் கிடக்கும் குடையை எடுத்துக் கொடுப்பவள் போலச் சொன்னாள். மாமாதான் முகம் வெளுத்துப் போய் நின்றார். "பொறு, டாக்டர்கிட்ட நாலு தடவை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தோடு வாயை மூடிக்கொண்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டார். ஆபரேஷன் நடந்த அன்று இரண்டு வார்டுகளுக்கும் நடுவே இருந்த வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்து நடந்து அவர் கால் வீங்கிவிட்டதாக அவன் மனைவி பிற்பாடு சொன்னாள்.

அதன் பிறகு அக்காவுக்கு அது ஒரு பெரிய விளையாட்டாகிவிட்டது. அவன் அவள் வீட்டுக்குப் போனால், வாசலில் நிற்கவைத்து வயிற்றின் வலது பக்கத்தைப் பார்த்துக் கேட்பாள். "என் பொருள் பத்திரமா இருக்கா? கொடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டேன். ஆனா மேற்பார்வை பண்ணுவேன்." அவனும் சட்டையை லேசாகத் தூக்கி, "நல்லா வேலை செய்யுது முதலாளி" என்பான்.

போன வருடம் அவளுக்குச் சளி பிடித்தது. வெறும் சளி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காய்ச்சலாகி, நுரையீரலுக்குள் இறங்கி, மூச்சுக் குழாய் வைக்க வேண்டியதாகிவிட்டது. கடைசியில் சிறுநீர் இறங்குவதும் குறைந்துபோனது. போய்விட்டாள். "நுரையீரல்தான் முதல்ல போச்சு. மத்ததெல்லாம் அதைத் தொடர்ந்து" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. உறவுக்காரர்கள் அதைப் பற்றி ஒரு மாதிரி பேசினார்கள்.

இந்த வருடம் அவனுக்குக் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் பதிந்த கோடு அழியவே மாட்டேன் என்றது. ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறியிருந்தது. மருந்தின் அளவை மாற்றி மறுபடி பார்த்தார்கள். இன்னும் ஏறியது.

அவனை ஆரம்பத்திலிருந்து பார்த்துவரும் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுபவர்.

"ரத்தமும் யூரினும் வெளியில நின்னு எட்டிப் பார்க்கிற மாதிரி. ஏதோ சரியில்லைன்னு மட்டும்தான் சொல்லும். என்ன சரியில்லைன்னு தெரியணும்னா உள்ளேயிருந்து துளி எடுத்துப் பார்த்தாதான் உண்டு. பயாப்ஸி பண்ணிடலாம்."

"மூடியைக் கழட்டிப் பார்க்கணும்னு சொல்றீங்க."

"அவ்வளவு பெரிசு இல்ல. ஊசிதான். நூல் இழை மாதிரி ரெண்டு மூணு துண்டு வரும். அதை மைக்ராஸ்கோப்ல பார்ப்போம்."

ரத்தத்தை இளக்கும் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார். ரத்தம் உறைகிறதா என்று ஒரு பரிசோதனை, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா என்று ஒன்று. "முடிஞ்ச பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்கணும். எழுந்திருக்கக் கூடாது, புரளக் கூடாது. உள்ளே ரத்தம் கசியாம இருக்கணும்ல. அது ஒண்ணுதான் கஷ்டம். மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல."

அவன் பயந்தது ஊசிக்கு இல்லை. மறுநாள் காலை வரப்போகும் போனுக்குத்தான்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் மாமா."

"மாத்திரை?"

"ஆச்சு." ஒரு மாத்திரையை நிறுத்தியிருப்பதைச் சொல்லலாமா என்று மென்று விழுங்கினான். அந்த இடைவெளியே காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு உடனே சொல்லுவ. என்னன்னு சொல்லு மாப்ள."

சொன்னான். மாமா "சரி, வை"கூடச் சொல்லாமல் துண்டித்துவிட்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவனிடம் பேசவில்லை. நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில கூட ஒருத்தர்தான் இருக்கலாமாம். இந்த ஒரு தடவை நான் இருக்கேனே."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். பயாப்ஸி அன்று தான் கூட இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதற்காக லாண்டரி வேலைக்கு லீவுகூடச் சொல்லியிருந்தாள். இருந்தாலும் சொன்னாள்.

"சரிங்கண்ணா. போன் மட்டும் எடுங்க."

பயாப்ஸி நாளன்று காலை மாமா தன் காரிலேயே அழைத்துப் போனார். மேலே பள்ளியின் பெயர்ப் பலகையும் கண்ணாடியில் பெரிய 'எல்'லும் ஒட்டிய கார். எறும்பு ஊர்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, 'எல்'லைப் பார்த்துவிட்டுப் பரிதாபத்தோடு ஒதுங்கிப் போனார்கள்.

"மாமா, ஓட்டக் கத்துக்கிறவரு நீங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போறாங்க."

"நினைச்சுக்கட்டும். பள்ளத்துல விட்டா உனக்கு ஆடும்ல."

வார்டில் நர்ஸ் ஒரு தளர்ந்த கவுனைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள். கையில் ஊசி ஏற்றி டேப் ஒட்டினாள். பிரஷர் பார்த்தாள். "கொஞ்சம் அதிகமா இருக்கு. பயமா?" என்றாள். "இல்லம்மா" என்றான் அவன். "எனக்குத்தான்" என்றார் மாமா. நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனபோது கதவு வரை கூடவே வந்து, உள்ளே வரக்கூடாது என்றதும் அங்கேயே நின்றுவிட்டார்.

ஸ்கேன் அறையில் ஒரு இளம் டாக்டர். மீசை இப்போதுதான் அரும்பியவர் போல இருந்தார். ஆனால் கை நிதானமாக இருந்தது. அவனுக்குப் புது முகம்.

"மல்லாந்து அப்படியே படுங்க. சொந்தக் கிட்னின்னா குப்புறப் படுக்கச் சொல்லி முதுகுப் பக்கம் எடுப்போம். உங்களுக்கு மாத்தி வெச்சது முன்னாடியே இருக்கு. கைக்கு எட்டுற இடம்."

அடிவயிற்றின் வலது பக்கம் பசை போன்ற ஒன்றைத் தடவினார். சில்லென்றது. கருவியை வைத்து அழுத்தி நகர்த்தினார். திரை அவன் தலையை லேசாகத் திருப்பினால் தெரிகிற தூரத்தில் இருந்தது. சாம்பல் நிறத்தில், மூடிய கைமுட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. இத்தனை வருடத்தில் அவன் அதைப் பார்த்ததே இல்லை. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், ஆனால் திரை எப்போதும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

டாக்டர் ஒரு பொத்தானைத் தட்டினார். சாம்பலுக்கு நடுவே சிவப்பும் நீலமும் பளிச்சென்று பூத்தன. இதயம் அடிக்க அடிக்க அவை விரிந்து சுருங்கின.

"ரத்தம் ஓடுது பாருங்க. யாரு கொடுத்தது?"

"எங்க அக்கா."

"நல்லா இருக்காங்களா?"

டாக்டர் கேட்டது சாதாரணமாகத்தான். ஊசி போடும் முன் நோயாளியின் கவனத்தைத் திருப்பப் பேசுகிற பேச்சு. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கா" என்றான்.

"வெரி குட். இப்ப மரத்துப்போற ஊசி. சுருக்குன்னு எரியும்."

எரிந்தது. பிறகு மரத்தது. "இப்ப அழுத்துற மாதிரி இருக்கும். டப்புன்னு ஒரு சத்தம் வரும். காகிதத்துக்கு ஸ்டேப்ளர் அடிக்கிறோமே, அந்த மாதிரி. திடுக்கிட்டு அசைஞ்சிடாதீங்க." சத்தம் வந்தது. வலிக்கவில்லை. யாரோ உள்ளேயிருந்து விரலால் சுண்டியது போல இருந்தது. மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தும் பிடித்துக்கொண்டான். மூச்சை விட்டால் அழுகை வரும் போலிருந்தது. அழுதால் வயிறு குலுங்கும். கண்ணீர் மட்டும் இரண்டு காதுப் பக்கமும் தானாக இறங்கியது. மறுபடி ஒரு டப். இன்னொன்று.

"வலிக்குதா?" என்றார் டாக்டர் பதறி.

"இல்ல சார். நீங்க பாருங்க."

முடிந்ததும் அந்த இடத்தை வெகுநேரம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்டு, வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவருகே விட்ட இடத்திலேயே மாமா நின்றிருந்தார்.

ஆறு மணி நேரம் மல்லாந்து கிடப்பது என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை. கிடந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் முதுகு புரட்டச் சொல்லிக் கேட்டது, பிறகு குதிகால், பிறகு உடம்பில் இல்லாத இடமெல்லாம் கேட்டது. மேல்கூரையில் ஒரு ஈரக்கறை இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது. நர்ஸ் அடிக்கடி வந்து பிரஷரும் நாடியும் பார்த்தாள், போர்வையை விலக்கிக் கட்டுத்துணியில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்தாள். மாமா ஸ்ட்ராவை வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சப்பாத்தியைப் பிய்த்து ஊட்டினார். புரையேறிவிடப் போகிறதே என்று ஒவ்வொரு வாய்க்கும் அவரும் சேர்ந்து விழுங்கினார்.

ஒன்றுக்கு வந்தது. பாட்டிலைக் கேட்டான். "நர்ஸைக் கூப்பிடுங்க மாமா."

"நான் பிடிக்கிறேன்."

"ஐயோ வேணாம் மாமா, கூச்சமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன ஆசையா? சும்மா இரு."

திரைச்சீலையை இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பாட்டிலைப் பிடித்தார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இளஞ்சிவப்பு. வராந்தாவுக்கு ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார்.

"முதல் தடவை லேசா ரத்தம் கலந்து வரும்" என்றாள் நர்ஸ். "அடுத்த தடவை வெளுத்துடும். கட்டி கட்டியா வந்தாலோ, வலி அதிகமானாலோதான் சொல்லணும்."

அவள் போன பிறகு மாமா நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கிரீன்ல தெரிஞ்சுது மாமா" என்றான் அவன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொன்னான்.

"என்ன?"

"அக்காவோடது. உள்ளே ரத்தம் ஓடுது. சிவப்பும் நீலமுமா."

மாமா தலையைத் தூக்கவில்லை. அடுத்த கட்டிலில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட வெளியே போனது.

"மாப்ள, உன்னால எழுந்திருச்சுப் போக முடியாதுல்ல இப்ப."

"எங்க போறது? கழுத்தத் திருப்பக்கூட யோசிக்கிறேன்."

"அப்ப ஒண்ணு சொல்றேன். இவ்வளவு நாள் சொல்லல." மாமா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். "கடைசியில அவளுக்கு யூரின் குறைஞ்சுதே. அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. ரெண்டும் இருந்திருந்தா தாக்குப் பிடிச்சிருப்பாளோன்னு. டாக்டர் இல்லைன்னுட்டார். நாலு டாக்டர்கிட்ட கேட்டேன், நாலு பேரும் இல்லைன்னாங்க. புத்திக்குப் புரியுது. ஆனா உன்னைப் பார்க்கிறப்பல்லாம் அதுதான் வருது."

அவன் கூரையைப் பார்த்தான். பக்கத்தில் திரும்ப முடியாதது அந்த நிமிடத்தில் உதவியாகத்தான் இருந்தது.

"கோபமா மாமா?"

"கோபம்தான். ஒவ்வொரு நாள் காலையிலயும் எழுந்தா அவ பக்கம் காலியா இருக்கும். உடனே உன் ஞாபகம் வரும். போனை எடுத்துடுவேன். வீணாக்கிடப் போறான்னு. தண்ணி குடிச்சியான்னு கேக்கிறது அக்கறைன்னு நினைச்சிருப்ப. உன் பொண்டாட்டியும் அப்படித்தான் நினைக்குது, பாவம். எனக்கே எது அக்கறை, எது கோபம்னு தெரியல."

"திட்டியிருக்கலாமே."

"எதுக்குத் திட்டுறது? நீ என்ன தப்புப் பண்ண? நீ கேக்கக்கூட இல்லையே, அவளா வந்து கொடுத்தா."

அவன் மெதுவாகச் சொன்னான்.

"நீங்க நாலு டாக்டர்கிட்ட கேட்டீங்க. நான் யார்கிட்டயும் கேக்கல. ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு."

மாமா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்த வருடம் முழுக்க தன் பக்கம் மட்டும்தான் அந்தச் சுமை இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஸ்ட்ராவை எடுத்து அவன் உதட்டில் வைத்தார். அவன் உறிஞ்சினான். அதற்குள் மனைவியின் போன் வந்தது. "நல்லா இருக்கான்மா. இப்பதான் தண்ணி குடிச்சான்" என்றார் மாமா, குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டு.

அடுத்த தடவை பாட்டில் வெளுத்திருந்தது. இருட்டும் நேரத்தில் எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் பாரம் தூக்கக்கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி, மறுநாள் காலையில் அனுப்பினார்கள்.

ரிசல்ட் வாங்க மூன்று பேரும் போனார்கள். டாக்டரம்மா மேசைக்கு முன்னால் நாற்காலி போதவில்லை என்று தானே எழுந்து இன்னொன்றை இழுத்துப் போட்டார். அதைப் பார்த்ததுமே அவன் மனைவிக்கு விளங்கிவிட்டது. நல்ல செய்தி சொல்பவர்கள் நாற்காலி தேடுவதில்லை. அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க உடம்பு அந்தக் கிட்னியை அன்னியப் பொருளாத்தான் பார்த்திருக்கு. ஒரே நாள்ல இல்ல. ரொம்ப நாளா, சத்தமில்லாம, கொஞ்சம் கொஞ்சமா. உள்ளே நிறைய இடத்துல தழும்பு விழுந்துடுச்சு."

"நான் மாத்திரை ஒரு வேளை கூட விட்டதில்ல டாக்டர்."

"தெரியும். ரத்தத்துல மருந்தோட அளவு எப்பவும் சரியாத்தான் இருந்திருக்கு. உங்க தப்பு எதுவும் இல்ல. யார் தப்பும் இல்ல. சில பேருக்கு இப்படி ஆகும்."

"மருந்து?"

"வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம். தழும்பைத் திருப்ப முடியாது."

அவனுக்குத் தழும்பு, மருந்து எதுவும் மண்டையில் ஏறவில்லை. அக்கா வாசலில் நிற்கவைத்துச் சிரித்த அத்தனை தடவையும், முதலாளி என்று அவன் சட்டையைத் தூக்கிக் காட்டிய அத்தனை தடவையும், அவனுடைய உடம்பு உள்ளுக்குள் அவளை வெளியே போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கூடப் பிறந்தவளை அது யாரோ என்று நினைத்திருக்கிறது.

அதுவரை வாய் திறக்காத மாமா கேட்டார். "இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்?"

ஆள் சாகக் கிடக்கும்போது கேட்கும் கேள்வியை அதே குரலில் கேட்டார். டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "சில மாசம். பார்த்துக்கிட்டா ஒரு வருஷம்கூடப் போகலாம். அதுக்கப்புறம் டயாலிசிஸ். வேற யாராவது கொடுக்க முடியுமான்னும் பார்க்கலாம்."

"நின்னு போச்சுன்னா வெளியே எடுத்துடுவீங்களா?"

"தொந்தரவு பண்ணாத வரைக்கும் எடுக்க மாட்டோம். சுருங்கி அங்கேயே இருக்கும்."

மாமா எழுந்து டாக்டரம்மாவைக் கும்பிட்டார். கார் நிறுத்தியிருந்த இடம் வரை நடந்தார். கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியபோதுதான் பின்சீட்டில் இருந்த இருவருக்கும் புரிந்தது. அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை அது. சத்தம் போட்டு அழுதார். நடந்து போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அன்னிக்கு எனக்கு அழுகை வரலம்மா" என்றார் அவன் மனைவியிடம், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "எல்லாம் போயிடல, ஒரு பங்கு இவன்கிட்ட இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். பைத்தியக்காரத்தனம்."

"பைத்தியக்காரத்தனம் இல்லண்ணா" என்றாள் அவள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்."

பிறகு காலம் சாதாரணமாகத்தான் போனது. அவன் பாரம் தூக்குவதைத் தவிர்த்து வேலைக்குப் போனான். மாமாவின் போன் வந்தது, ஆனால் பேச்சு மாறிவிட்டது. தண்ணி குடிச்சியா என்று கேட்க அவருக்கும், பதில் சொல்ல அவனுக்கும் மனம் வரவில்லை. "என்ன பண்ற?" "சும்மாதான் மாமா." "சரி." அவ்வளவுதான். தன் கிட்னி பொருந்துமா என்று மனைவி ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. மாமாவும் அவர்களுக்குத் தெரியாமல் போய்க் கொடுத்துப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

டாக்டரம்மா சொன்ன ஒரு வருஷத்தை அந்தக் கிட்னி எட்டவில்லை. ஒரு வேலை நாளில் லிப்டின் மேல் நின்று போல்ட் முடுக்கும்போது அவனுக்கு மூச்சு முட்டியது. கூட வேலை பார்ப்பவர்கள் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிட்னி நின்றுபோயிருந்தது. உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்ததால் கழுத்தில் குழாய் போட்டார்கள்.

"மாமாகிட்ட சொல்லாத. நானே நேர்ல சொல்றேன்" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டான். இரண்டு நாள் காலை போன் வந்தபோது, "குளிக்கிறாருண்ணா" என்று அவள் பொய் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, தன் வீட்டுக்குப் போகாமல் நேராக மாமா வீட்டுக்குப் போனான். மனைவி தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். கழுத்தில் கட்டு தெரியாமல் இருக்கச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருந்தான். கதவைத் தட்டும்போது, துக்கம் சொல்ல வந்தவன் தான்தான், துக்கம் கேட்கப் போகிறவனும் தான்தான் என்று தோன்றியது.

மாமா கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்தார். காலருக்குள் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்தார். ஒதுங்கி வழி விட்டார். அவன் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு எதிரில் உட்கார்ந்தார்.

"எப்ப?"

"முந்தாநாள் மத்தியானம் மாமா."

"கஷ்டப்பட்டியா?"

"இல்ல. திடீர்னுதான்."

மாமா தலையை ஆட்டினார். எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். அவன் அதைப் பிடித்துக்கொண்டான், மெஷினில் கிடந்தபோது வராதது எல்லாம் அப்போது வந்தது. அக்கா என்று ஒரு சொல்தான் வெளியே வந்தது.

மேசை மேல் இருந்த போன் அடித்தது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததால் மாமா எடுத்தார். ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண், வகுப்பு நேரம் கேட்டாள். அவள் குரல் வெளியே கேட்டது.

"இன்னிக்கு வகுப்பு இல்லம்மா" என்றார் மாமா. "வீட்டுல ஒரு சாவு."

"ஐயோ. யாருங்க சார்?"

மாமா பிடித்த கையை விடாமல் அவனைப் பார்த்தார்.

"என் சம்சாரம்" என்றார்.